ரெண்டாவது லைன் என்னதான் செய்கிறது?

சர்வரையும் ஸ்டோரேஜையும் (டிஸ்க் பெட்டி) இணைக்கிற ரெண்டு ஸ்விட்சில் ஒன்று ஃபேன் மாற்றிக்கொண்டு கோயமுத்தூரிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. திறந்தபோது உள்ளே பனியன் பஞ்சு மெத்தை போல அப்பிக் கிடந்ததாம். திருப்பூரில் நிட்டிங் ஓடுகிற கட்டிடத்துக்குள்ளேயே சர்வர் ரூமும் இருந்தால் வேறென்ன நடக்கும்? அதில் எனக்கு வருத்தமில்லை. அது செத்துக் கிடந்தது கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாமல் போனதுதான் எரிச்சல். கம்பெனிக் கணக்கு வழக்கு பார்க்கிற ஈஆர்பி ஓடியது, பேட்டர்ன் ஃபைல்கள் திறந்தன, சனிக்கிழமை சம்பளப் பட்டியலும் வழக்கம்போல வந்தது.

இதற்காகத்தானே ரெண்டு ஸ்விட்ச் வைத்தோம் என்றால், சரி, நியாயம்தான். ஆனால் ரெண்டாவது ஸ்விட்ச் வழியே போகிற இந்த ரெண்டாவது லைன் ஆரம்பத்திலிருந்தே என்னோடு கண்ணாமூச்சி ஆடுகிறது.

அமைத்துக் கொடுத்தவர் ரெண்டு ஸ்விட்சையும் ஸ்டாக் செய்து (ஒரே ஸ்விட்ச் போல இணைத்து), சர்வரின் ரெண்டு பத்து கிகாபிட் போர்ட்டையும் எல்ஏசிபி-யில் (பல லைன்களை ஒன்றாகச் சேர்க்கும் முறை) கட்டிவிட்டு, "இருபது கிகாபிட் வந்துருச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பேக்கப் ஓடும் நேரத்தில் ராக்கின் முன்னால் நின்று பார்த்தால் ஒரு போர்ட்டின் விளக்கு பேய் பிடித்த மாதிரி மின்னும். பக்கத்துப் போர்ட் எப்போதாவது ஒருமுறை கண் சிமிட்டும், அவ்வளவுதான்.

காரணம் எளிது. எல்ஏசிபி பாக்கெட்டுகளை மாற்றி மாற்றி ரெண்டு லைனிலும் போடாது. முகவரிகளை வைத்து ஒரு கணக்குப் போட்டு லைனைத் தேர்ந்தெடுக்கும். லினக்ஸில் இப்படிக் கட்டுகிற பாண்டிங்கில் நாம் எதையும் மாற்றாவிட்டால் அந்தக் கணக்கு நெட்வொர்க் கார்டுகளின் மேக் முகவரிகளை வைத்துத்தான். ஒரு சர்வர், ஒரு ஸ்டோரேஜ் என்றால் விடை என்றைக்கும் ஒன்றே. டிசிபி போர்ட் எண்ணையும் கணக்கில் சேர்த்தாலும், ஒரு ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியே டிஸ்க்கைக் கொடுக்கும் முறை) செஷன் பெரும்பாலும் ஒரே டிசிபி இணைப்பு. அது ஒரே லைனில்தான் போகும்.

அதனால் பாண்டைப் பிரித்து, ஸ்டாக் கேபிளைக் கழற்றி, ஸ்விட்சுக்கு ஒரு சப்நெட் (தனி நெட்வொர்க்) என்று, ஸ்டோரேஜுக்குப் போகிற தனித்தனிப் பாதைகளை நிர்வகிக்கிற மல்டிபாத்துக்கு மாறினோம். இங்கேதான் எதிர்பாராத சந்தோஷம். ஸ்டாக்கிங் வேண்டாம், அதற்கான லைசென்ஸ் வேண்டாம், ரூட்டிங் செய்யாத சாதாரண லேயர்-2 ஸ்விட்ச் போதும். ஒன்றுக்கு ஃபர்ம்வேர் ஏற்றும்போது மற்றது தன்பாட்டுக்கு ஓடும்.

அப்புறமும் ஒரு விளக்குதான் மின்னியது! மல்டிபாத் நிலவரத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு பாதைக்கு நேராக 'ஆக்டிவ்', இன்னொன்றுக்கு 'எனேபிள்டு'. லினக்ஸ் மல்டிபாத்துக்குத் தெரிந்த ஸ்டோரேஜ் பட்டியலில் நம் பெட்டி இல்லையென்றால், அது பாதைகளைத் தனித்தனிக் குழுவாக்கி, ஒன்று விழுந்தால்தான் அடுத்ததைத் தொடும். எல்லாப் பாதையையும் ஒரே குழுவாக்குகிற மல்டிபஸ் என்று மாற்றி எழுதிய பிறகுதான் ரெண்டு போர்ட்டும் ஒரே மாதிரி மின்னின. (ரெண்டு கன்ட்ரோலர் உள்ள பெட்டிக்கு இதை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். லன் (ஸ்டோரேஜ் ஒதுக்கிக் கொடுக்கிற டிஸ்க் பகுதி) எந்தக் கன்ட்ரோலரிடம் இருக்கிறதோ அதன் பாதைகளுக்கே முன்னுரிமை வேண்டும். இல்லாவிட்டால் வேகம் குறையலாம்.)

இன்னும் ரெண்டு விஷயம். பாதை விழுந்தால் ஐஸ்கஸி இயல்பாக 120 நொடி காத்திருந்த பிறகே மல்டிபாத்திடம் கைவிரிக்கும். அதற்குள் மேலே ஓடுகிற விர்ச்சுவல் மெஷின்கள் மூச்சுத் திணறும். அதைச் சில நொடிகளாகக் குறைத்து வையுங்கள். எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 போட்டால் ரெண்டு ஸ்விட்சிலும் போட வேண்டும். ஒன்றில் 1500 ஆகவே விட்டால் லாகின் ஜோராக ஆகும், பெரிய டேட்டாவை எழுத ஆரம்பித்ததும் தொங்கும். துண்டாக்காதே என்று சொல்லி 8972 பைட்டில் பிங் அடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஸ்விட்ச் செத்த அன்று பார்த்தால் இதெல்லாம் அழகாக வேலை செய்திருக்கிறது. பாதை விழுந்ததை மல்டிபாத் லாகில் ஒழுங்காக எழுதியும் வைத்திருக்கிறது. லாகை யார் தினமும் படிப்பது? மெயில் கிடையாது, சத்தம் கிடையாது. அத்தனை நாளும் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறோம். அந்த நேரம் பார்த்து இன்னொரு ஸ்விட்சின் ஃபேனும் நின்றிருந்தால்? அங்கேயும் அதே பஞ்சுதானே. இப்போது பாதைகளை எண்ணிப் பார்த்து, குறைந்தால் போனுக்குச் செய்தி அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடுகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளில், ரெண்டு ஸ்விட்சும் ஒரே யுபிஎஸ்ஸில் தொங்குவதையும் பார்த்துப் பிரித்தாயிற்று.

கரூரில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிற தம்பி, "ஏனுங்கண்ணா, ரெண்டு லைன் போட்டா ரெட்டை ஸ்பீடு வருமுங்களா?" என்று கேட்டிருந்தார். தம்பி, ஒரு பத்து கிகாபிட் லைனே நொடிக்கு 1.2 ஜிபி வரை இழுக்கும். உங்களிடம் இருப்பது சுழலும் டிஸ்க் எட்டு. ஈஆர்பி மாதிரி அங்கங்கே சிதறிப் படிக்கிற வேலையில் அவை அந்த வேகத்தில் பாதியைக்கூடத் தொடாது. வேகத்துக்காக என்றால் வாங்க வேண்டாம். ஸ்விட்ச் சாகும் என்ற பயத்துக்காக என்றாலும், பாதை விழுந்ததைக் கவனிக்க ஆள் இல்லாத கம்பெனிக்கு வேண்டாம். அந்தக் காசில் முதலில் பேக்கப்பைச் சரி பண்ணுங்கள்.

நான் அடுத்த பட்ஜெட்டில் ஸ்பேருக்கு அதே மாடலில் இன்னொன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.