ஊசியா, மருந்தா, மெஷினைக் கழட்டுறதா, மோர்பினா?

கருணைக்கொலை எண்டு கதை வந்தா வெள்ளவத்தையில பாதிப் பேர் "கனடாவில சட்டமே இருக்கு, இங்க ஏன் இல்லை" எண்டுவினம், மிச்சப் பேர் "கடவுள் தந்த உயிர்" எண்டு கதையை முடிச்சிடுவினம். ஆனா இதுக்குள்ள நாலு வேற வேற வழி இருக்கு.

டொக்டரே ஊசி போடுறது ஒண்டு. நெதர்லாந்து, பெல்ஜியத்தில 2002ல இருந்து சட்டம். கனடாவில 2016ல வந்தது, 2021ல சாவு கிட்ட இல்லாதவைக்கும் சேத்து அகட்டிப்போட்டினம். அந்த வேகம் எனக்குப் பயமா இருக்கு.

அமெரிக்காவின்ர ஒரேகன் மாநிலத்தில 1997ல இருந்து வேற மாதிரி: ஆறு மாசத்துக்கு மேல தாங்காது எண்டு ரெண்டு டொக்டர்மார் சொல்லவேணும், சாகிறதுக்கான மருந்தை நோயாளியே எடுக்கவேணும். வாங்கி வைச்சிட்டு எடுக்காமலே கண்ணை மூடுறவையும் கனபேர். மனம் மாற இடம் இருக்கிறதால ஊசியை விட இது பரவாயில்லை, ஆனா விழுங்க ஏலாத ஆளுக்கு உதவாது. இலங்கையில தற்கொலை முயற்சி 1998ல இருந்து குற்றமில்லை, அதுக்கு உதவினா இப்பவும் குற்றம்.

மூண்டாவது, திரும்பி வரமாட்டார் எண்டு தெரிஞ்ச ஆளுக்கு வென்டிலேட்டரை, அதுதான் மூச்சு விட வைக்கிற மெஷினை, நிப்பாட்டுறது. அருணா ஷான்பாக் மும்பை ஆஸ்பத்திரியில 1973ல இருந்து 2015 வரை நினைவில்லாமக் கிடந்தவ, அவவின்ர வழக்கில 2011ல இந்திய உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்து, 2018ல "எனக்கு இப்பிடி வந்தா மெஷினில வைச்சிருக்க வேண்டாம்" எண்டு முன்கூட்டியே எழுதி வைக்கவும் விட்டது. எங்களுக்கு அவசரமா வேண்டியது இதுதான். ஐசியூ வாசல்ல மகள் டொரோண்டோவில இருந்து "வைச்சிருங்கோ" எண்டும் மகன் லண்டன்ல இருந்து "காணும், விடுங்கோ" எண்டும் வாட்ஸ்அப்பில சண்டை பிடிக்க, பில் ஏறிக்கொண்டே போகும், படுத்திருக்கிறவர் என்ன விரும்பினவர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு தாளில எழுதி இருந்தா அவ்வளவு பேரும் தப்பியிருப்பினம்.

நாலாவது வலியை அடக்கிற வைத்தியம், என்ர மனம் முழுக்க இதிலதான். பெரியம்மாவுக்கு புற்றுநோய் எலும்புக்குப் போனாப் பிறகு "தம்பி, ஏதாவது தந்து என்னை அனுப்பி விடு" எண்டு இரவிரவாக் கெஞ்சினவ. நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மோர்பின், கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து எண்டு ஒழுங்காத் தொடங்கினாப் பிறகு அந்தக் கதையே எடுக்கேல்லை, மீன் குழம்புக்குப் புளி காணாது எண்டு பேச்சு விழுந்தது. எல்லா வலியும் இப்பிடி அடங்காது, அது உண்மை. ஆனா வலிக்கு மருந்தே ஒழுங்காக் குடுக்காம ஒருத்தரிட்ட "சாக விருப்பமோ" எண்டு கேக்கிறது நியாயமே இல்லை.

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போறவை வலி வைத்தியத்தைப் பற்றி வாய் திறந்து கேளுங்கோ. வீட்டில வைச்சுப் பாக்க ஏலாட்டி புற்றுநோய்ச் சங்கத்தின்ர சாந்த செவன எண்ட பராமரிப்பு இல்லமும் அங்கதான் இருக்கு.