முன்னால் 20 கிராம், உள்ளே 8 கிராம்: புரோட்டின் பார் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் புதிதாகத் திறந்த ஒரு சத்துணவுக் கடையில் போன வாரம் 96 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஏமாந்தேன். புகார் கொடுக்கப் போகிறேன், அது முடியும்வரை கடைப் பெயரைச் சொல்லவில்லை.

அப்பா தோட்டத்தில் முப்பது வருடம் செம்பனைக் குலை வெட்டியவர். இப்போது இனிப்பு நீர் (நீரிழிவு). காலையில் ரொட்டி சானாயைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள் கிளினிக்கில். அவருக்கு ஏதாவது இருக்கிறதா என்று கடைக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். "அக்கா, இது 20 கிராம் புரோட்டின். சீனி இல்லை. இனிப்பு நீர்க்காரர்களுக்கு நல்லது" என்று பதில் வந்தது. 12 பார் உள்ள பெட்டி. பெட்டியின் முன்னாலும் 20 என்று கட்டை விரல் அளவுக்கு எழுதியிருந்தது. நம்பிவிட்டேன்.

மறுநாள் காலை அப்பாவுக்கு இரத்தத்தில் சர்க்கரை 7.2 (மில்லிமோல் கணக்கில்) இருந்தது. பசியாறைக்கு இரண்டு பார் சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 12.8. ஊசி சரியில்லையோ என்று வேறு விரலில் குத்தினேன். அதே கதைதான்.

அப்புறம்தான் பெட்டியை ஒழுங்காகப் பார்த்தேன். அந்த 20க்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம். அதற்கான விளக்கம் எங்கே என்று தேடினால், கீழே அந்த இடத்தில் கடையின் விலை ஸ்டிக்கர்! தேங்காய் எண்ணெய் தடவி நகத்தால் சுரண்டினேன். 'செத்தியாப் 100 ஜி'. அதாவது நூறு கிராமுக்கு 20. ஒரு பாரின் எடையோ 40 கிராம். கணக்குப் போட்டால் கிடைப்பது 8 கிராம் புரதம். ஒரு முட்டையில் கிட்டத்தட்ட 6 இருக்கிறது, இதுவோ ஒன்று எட்டு வெள்ளி.

சீனி? நூறு கிராமுக்கு 35. ஒரு பாரில் 14 கிராம், மூன்றரை தேக்கரண்டி. அப்பா சாப்பிட்டது இரண்டு.

'ராமுவான்', அதாவது என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலை அப்பாவே படித்தார். எது எடையில் அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். முதலில் குளுக்கோஸ் சிரப், அடுத்து சீனி, ஓட்ஸ், செம்பனை எண்ணெய், ஐந்தாவதாகத்தான் சோயா புரதம். "நான் வெட்டின குலையையே எட்டு வெள்ளிக்கு எனக்கு வித்திருக்கான்" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் முன்பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம். திருப்புங்கள். ஒரு பாருக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சீனி என்று பாருங்கள். சீனி புரதத்தை மிஞ்சினால் அது மிட்டாய், வேறொன்றுமில்லை. சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் (சர்க்கரையை வேகமாக ஏற்றும் மாவுப்பொடி) முன்வரிசையில் இருந்தாலும் வைத்துவிடுங்கள். 'சீனி சேர்க்காதது' என்று போட்டு மால்டிடால் என்ற இனிப்பூட்டி கலந்ததும் உண்டு. அதுவும் சீனி அளவுக்கு இல்லாவிட்டாலும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், அதிகம் தின்றால் வயிறு உப்பிக் கழியும்.

சரி, திருப்பிக் கொடுக்கப் போனேன். விற்கும்போது அக்கா அக்கா என்ற பையன் இப்போது போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பெட்டி திறந்தாச்சு, எடுக்க முடியாது. பின்னால எழுதியிருக்கே, நீங்கதான் பார்க்கணும்." ஸ்டிக்கர் ஏன் அங்கே ஒட்டினாய் என்றதற்கு, "பாஸ் ஒட்டினது." பாஸ் எப்போது வருவார்? தெரியாதாம். ரசீதும் முதல் நாளே தரவில்லை, நானும் கேட்கவில்லை. அது என் தப்பு.

ஆனால் 'சீனி இல்லை' என்ற வாட்ஸ்அப் செய்தியும், காசு அனுப்பிய வங்கிப் பதிவும் என்னிடம் இருக்கின்றன. பயனீட்டாளர் திரிபியூனலில் (வாங்குபவர்களின் புகாரை விசாரிக்கும் நடுவர் மன்றம்) பதிய 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை. அடுத்த வாரம் பதியப் போகிறேன்.

மீதிப் பத்து பாரும் ஆதாரத்துக்காக அலமாரியில். அப்பா நேற்று ராத்திரி அந்தப் பக்கம் போனதைப் பார்த்து, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன்.