மேக் எ டிசிஷன், டேக் எ டிசிஷன்: எழுத்தில் எது?

‘முடிவு எடுத்தோம்’ என்று மனதில் ஓடுவதால் கை தானாக ‘டேக் எ டிசிஷன்’ என்றே எழுதும். அது பிழையல்ல. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இரண்டும் உண்டு. குழுவோ அரசோ கலந்து பேசி முறைப்படி எடுக்கும் முடிவுக்கு ‘டேக்’ நன்றாகவே பொருந்தும். அமெரிக்க ஆங்கிலத்திலோ ‘மேக்’தான் இயல்பு, அங்குள்ள வாசகருக்கு ‘டேக்’ உறுத்தும்.

வாசகர் யாரென்று தெரியாவிட்டால் ‘மேக்’ போடுங்கள், எங்கும் செல்லும். ‘டிசிஷன் மேக்கிங்’, ‘டிசிஷன் மேக்கர்’ என்ற நிலைத்த தொடர்களோடும் அது ஒத்துப்போகும். ‘டூ எ டிசிஷன்’ மட்டும் எங்குமே கூடாது.

உண்மையில் அதிகம் பிசகுவது வினைச்சொல்லில் அல்ல, பின்னால் வரும் சொல்லில்தான். ‘வீ மேட் எ டிசிஷன் டு போஸ்ட்போன் தி மீட்டிங்’ சரி. ‘டிசிஷன் ஃபார் போஸ்ட்போனிங்’ தவறு. எதைப் பற்றிய முடிவு என்று சொல்ல ‘ஆன்’ அல்லது ‘அபவுட்’ வரும்: ‘எ டிசிஷன் ஆன் தி பட்ஜெட்’.

மின்னஞ்சலில் இவ்வளவு நீட்டவும் வேண்டாம். ‘வீ டிசைடட் டு போஸ்ட்போன் தி மீட்டிங்’ என்றால் இரண்டு சொல் மிச்சம், பொருளும் குறையாது.