வயரைப் பாருங்கள்: வண்டி பேட்டரியில் கேம்பிங் ஃப்ரிட்ஜ், நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

ராத்திரி படுக்கும்போது ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ் விடியற்காலையில் நின்றிருக்கும். டிஸ்ப்ளேவில் பேட்டரி 12.2 வோல்ட் என்று காட்டும், உள்ளே பாலோ வெதுவெதுவென்று இருக்கும். பேட்டரியில் பாதிச் சார்ஜ் மிச்சம் இருக்கிறது, ஃப்ரிட்ஜிலும் கோளாறு இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓடும் மெல்லிய வயர்தான் காரணம்.

நடப்பது இதுதான். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 முதல் 5 ஆம்ப் இழுக்கும். பேட்டரி முன்னால், ஃப்ரிட்ஜ் டிக்கியில். தூரம் 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர் வயர். அது 0.75 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் கனம்) வயராக இருந்தால் 5 ஆம்ப் ஓடும்போது 1.2 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். பேட்டரி முனையில் 12.1 இருந்தாலும் ஃப்ரிட்ஜுக்குக் கிடைப்பது 10.9. வோல்டேஜ் குறைந்தால் ஃப்ரிட்ஜை நிறுத்தும் பாதுகாப்பு கட்-ஆஃப் விழுந்து கம்ப்ரசர் நிற்கும். நின்றவுடன் ஆம்ப் இல்லை, ஆம்ப் இல்லாவிட்டால் இழப்பும் இல்லை. வோல்டேஜ் மறுபடி 12.2க்கு ஏறும். ஃப்ரிட்ஜ் ஏமாந்து திரும்ப ஸ்டார்ட் எடுக்கும், திரும்ப விழும். இரவு முழுக்க இதே கூத்து. அதனால் வோல்டேஜை அளப்பதாக இருந்தால் கம்ப்ரசர் ஓடும்போது, ஃப்ரிட்ஜின் பிளக் முனையில் மல்டிமீட்டர் வைத்து அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது எடுத்த அளவால் ஒரு பயனும் இல்லை.

அதே தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.35 வோல்ட், 6 ஸ்கொயர் போட்டால் 0.15 தான். 6 ஸ்கொயர் செம்பு வயரையே போடுங்கள். வயர் கனத்தில் மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம். பேட்டரி பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்ப் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் பக்கம் ஃபியூஸ் வைத்தால் நடுவில் வயர் உரசி பாடியில் பட்டபோது தீயை அது தடுக்காது. பாசிட்டிவ் வயரை எஞ்சின் அறைச் சுவர் வழியாகக் கொண்டுவரும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். நெகட்டிவ்வுக்கும் தனி வயர் இழுத்துவிடுவது நல்லது; வண்டியின் இரும்பு பாடியையே நெகட்டிவ்வாகப் பயன்படுத்தும் எர்த் போல்ட்டுகளில் பெயின்டும் துருவும் சேர்ந்து பிறகு படுத்தும்.

அடுத்த வில்லன் சிகரெட் லைட்டர் சாக்கெட். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கும் ஒற்றைப் பின்தான் முழுக் கரண்டையும் தாங்குகிறது. கரடுமுரடான சாலையில் பிளக் அரை மில்லிமீட்டர் பின்வாங்கினாலே போதும், தொடர்பு தளரும், சூடேறும். சில மாதம் ஓடிய பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, லேசாக உருகியிருக்கும். பல வண்டிகளில் சாவியைத் திருப்பி அணைத்ததும் அந்த சாக்கெட்டும் செத்துவிடும் என்பது தனிக் கதை. நிரந்தரப் பயன்பாட்டுக்கு ஆண்டர்சன் கனெக்டர்தான் (அதிக ஆம்ப் தாங்கும், இறுக்கமாகப் பிடிக்கும் பிளக்) சரி. வயர் முனையில் மாட்டும் உலோக லக்குகளை நன்றாக நசுக்கி க்ரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுவிட்டால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

ஃப்ரிட்ஜில் இருக்கும் ஹை, மீடியம், லோ பேட்டரி செட்டிங்கைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஹை என்றால் அதிகக் குளிர்ச்சி அல்ல, அதிக வோல்டேஜிலேயே நிறுத்திவிடு என்று அர்த்தம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலேயே ஓட்டுகிறீர்கள் என்றால் ஹைதான். அதையும் முழுசாக நம்பாதீர்கள். பல மாடல்களில் ஹை என்பதே 11 வோல்ட்டை ஒட்டித்தான் வெட்டும். வயர் நன்றாக இருந்தால் அந்த அளவுக்கு இறங்குவதற்குள் ஸ்டார்ட்டர் பேட்டரி ஏறக்குறையக் காலி. அந்த வகைப் பேட்டரி ஆழமாக இறங்கி ஏறுவதற்காகச் செய்யப்பட்டதும் அல்ல. சில முறை அப்படிச் செய்தாலே ஆயுள் குறையும்.

ஆகவே இரண்டாவது பேட்டரி. 40 லிட்டர் அளவு ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில், மிதமான வெயிலில் ஒரு நாளுக்குச் சுமார் 25 முதல் 30 ஆம்ப்-ஹவர் (ஒரு ஆம்ப் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்ப்-ஹவர்) எடுக்கும். கடும் வெயிலில் 40ஐத் தாண்டும். ஃப்ரீசராக மைனஸ் 18ல் வைத்தால் இரட்டிப்பு என்று கணக்கில் வையுங்கள். 100 ஆம்ப்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் தொடலாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80 வரை எடுக்கலாம், எடையும் பாதிக்கும் குறைவு. ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. குளிர் பிரதேசம் போகிறவர்கள் மறந்துவிடும் விஷயம்.

அதைச் சார்ஜ் செய்வது? புதிய வண்டிகளின் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த வோல்டேஜை அடிக்கடி இறக்கிவிடும். இரண்டு பேட்டரிகளையும் நேராக இணைக்கும் சாதா ரிலே சுவிட்ச் போட்டால் நாள் முழுக்க ஓட்டினாலும் இரண்டாவது பேட்டரி நிறையாது. இறங்கிய வோல்டேஜைத் தேவையான அளவுக்கு ஏற்றிச் சார்ஜ் செய்யும் டிசி-டிசி சார்ஜர் போடுவதுதான் வழி. 20 ஆம்ப் போதும். 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில், நிழல் படாமல் இருந்தால் ஒரு நாளுக்குச் சுமார் 25 ஆம்ப்-ஹவர் திருப்பித் தரும். இன்வெர்ட்டர் வழியாக ஓட்டும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். 12ஐ ஏற்றி, ஃப்ரிட்ஜின் அடாப்டரில் மறுபடி இறக்கி, இரண்டு இடத்திலும் இழப்பு.

கம்ப்ரசர் இல்லாமல் மின்தகட்டால் குளிர வைக்கும் பெல்டியர் வகைப் பெட்டி பற்றி ஒரே வரி: விடாமல் 4, 5 ஆம்ப் இழுக்கும், வெளியே இருப்பதைவிட 20 டிகிரி குறைத்தாலே பெரிய விஷயம், பேட்டரியில் ஓட்ட லாயக்கில்லை.

மின்செலவைக் குறைக்கும் வேலைகளில் பலன் தருவது கிளம்புவதற்கு முந்தின நாளே வீட்டு கரண்டில் ஃப்ரிட்ஜையும் சாமானையும் குளிர வைப்பது. காலி இடத்தில் உறைந்த தண்ணீர் பாட்டில் போடுங்கள். காற்றுத் துவாரப் பக்கம் நாலு விரல் இடைவெளி வேண்டும். பையைச் சாத்தி வைத்தால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். மூடியின் ரப்பர் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது.

பழுது என்று வந்தால் கம்ப்ரசரை இயக்கும் மின்பலகையான கன்ட்ரோலரின் சிவப்பு எல்இடி எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். டான்ஃபாஸ், செகாப் கம்ப்ரசர்களில் 1 என்றால் பேட்டரி கட்-ஆஃப், 2 விசிறி அதிகக் கரண்ட் இழுக்கிறது, 3 மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை, 5 கன்ட்ரோலர் சூடு. 1 மின்னினால் முதலில் வயர், பிளக். 2 மின்னினால் விசிறியில் சிக்கிய தூசி, முடி. 5 மின்னினால் துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பையை எடுங்கள்.