பீடோர் செம்மண் பாதையில் கௌச் டு 5கே: ஓர் ஓட்டத் திட்டத்தின் மதிப்பீடு

பல ஆண்டுகள் ஓட்டத்தை விட்டுவிட்டு, உடம்பில் சதை போட்ட பிறகு மீண்டும் ஓட நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது கௌச் டு 5கே (சோபாவிலிருந்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு) என்னும் ஒன்பது வாரப் பயிற்சித் திட்டம்தான். அமெரிக்கரான ஜோஷ் கிளார்க் 1996-ஆம் ஆண்டில், ஐம்பதுகளில் இருந்த தம் தாயாரைப் போன்றவர்களை மனத்தில் கொண்டு இதை வகுத்தார். பின்னர் பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை இதை ஏற்று, இலவசக் கைப்பேசிச் செயலியாகவும் வெளியிட்டது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை மணி நேரம்; காசு செலவில்லை. குளிர்நாட்டில் பெயர்பெற்ற இத்திட்டம், காலை எட்டு மணிக்குள்ளாகவே சட்டை பிழியப் பிழிய வியர்க்கும் மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோரில், பள்ளிக் காலத்தில் மெரெந்தாஸ் டேசா (காடுமேடு கடக்கும் நெடுந்தூர ஓட்டம்) ஓடிவிட்டு அதன்பின் எண்ணெய் ஆலை அலுவலக நாற்காலியில் இருபது ஆண்டுகளைக் கழித்த என்னைப் போன்ற ஒருவருக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் வாரத்தின் ஏற்பாடு மிக எளிது. ஐந்து நிமிடம் விரைவாக நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, அதன்பின் அறுபது விநாடி மெதுவோட்டம், தொண்ணூறு விநாடி நடை என்று இருபது நிமிடம் மாறி மாறிச் செல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஓடியவர்களுக்கு இது அவமானமாகவே தோன்றும். நிமிடத்துக்கு நிமிடம் ஓட்டமும் நடையுமாகப் போகும் ஒருவரைப் பார்த்து, ஓய்வுபெற்ற பழைய மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒருவர் சைக்கிளை நிறுத்தி, “என்ன தம்பி, ஓடுறீங்களா, எதையாச்சும் தேடுறீங்களா?” என்று கேட்டதில் வியப்பில்லை. ஆனால் இந்தத் திட்டத்தின் பெரிய சிறப்பே அந்த நிதானம்தான். பயிற்சி தொடங்கிய ஒன்றிரண்டு வாரங்களிலேயே இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயம் ஒரு துடிப்பில் முன்னைவிட அதிக இரத்தத்தை அனுப்புகிறது, மூச்சிரைப்பு குறைகிறது. தசைநாண்களும் எலும்பும் அப்படிப்பட்டவையல்ல. அவை உரம் பெறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. மூச்சு “போகலாம்” என்று சொல்லும்போது முழங்கால் இன்னும் ஆயத்தமாகாத அந்த இடைவெளியில்தான் பழைய ஓட்டக்காரர்கள் காயப்படுகிறார்கள். அவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு, ஏனென்றால் பழைய வேகம் அவர்கள் நினைவில் இருக்கிறது, பழைய எடை உடம்பில் இல்லை.

அப்படியிருந்தும், இந்த நிதானம் திட்டம் முழுவதும் சீராகக் காக்கப்படவில்லை என்பதே என் முதன்மையான குறை. அட்டவணையை எடுத்து, நடையை நீக்கிவிட்டு ஓடும் நிமிடங்களை மட்டும் கூட்டிப் பார்த்தால் இது விளங்கும். முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு எட்டு நிமிடம். இரண்டாம் வாரத்தில் தொண்ணூறு விநாடி ஓட்டமும் இரண்டு நிமிட நடையுமாக ஏறக்குறைய ஒன்பது நிமிடம். மூன்றாம் வாரத்தில் தொண்ணூறு விநாடியும் மூன்று நிமிடமும் இருமுறை வருகின்றன. அதுவும் ஒன்பது நிமிடம்தான். நான்காம் வாரத்தில் மூன்று, ஐந்து, மூன்று, ஐந்து என்று ஒரேயடியாகப் பதினாறு நிமிடம் ஆகிவிடுகிறது. மூன்று வாரம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இடைவெளியில் இரு மடங்கை நெருங்குவது கனத்த உடம்புக்கு ஏற்ற படியல்ல. கணுக்காலுக்கு மேலே முன்எலும்பு ஓரமாக வலிக்கத் தொடங்குவது பலருக்கும் இந்தக் கட்டத்தில்தான், எனக்கும் அப்படியே. நான் கண்ட மாற்று வழி, மூன்றாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் நடுவில் சொந்தமாக ஒரு வாரத்தைச் செருகிக்கொள்வது: மூன்று நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, இதையே நான்கு முறை. மொத்தம் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. ஒன்பதிலிருந்து பதினாறுக்குத் தாவும் இடத்தில் ஒரு படி கிடைத்துவிடுகிறது.

இதற்கு மாறாக, எல்லாரும் அஞ்சும் ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாள் அவ்வளவு கொடியதன்று. முதல் நாள் ஐந்து நிமிடமாக மூன்று ஓட்டம், இரண்டாம் நாள் எட்டு நிமிடமாக இரண்டு, மூன்றாம் நாள் திடீரென நடையே இல்லாமல் இருபது நிமிடம் என்று அட்டவணையில் பார்க்கும்போது வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. ஆனால் முந்தைய நாளின் பதினாறு நிமிடத்தோடு நான்கு நிமிடம்தான் கூடுகிறது. கால்கள் அந்த அளவைச் சுமந்து பழகிவிட்டன. புதிதாகச் சுமக்க வேண்டியது மனம்தான். அந்த நாளில் வேகத்தைப் பிடிவாதமாகக் குறைத்து, உடன் வருபவரிடம் முழு வாக்கியத்தில் பேச முடிகிற அளவில் ஓடினால் கடந்துவிடலாம். அதற்குப் பிறகு இருபத்தைந்து, இருபத்தெட்டு என்று ஏறி ஒன்பதாம் வாரத்தில் முப்பது நிமிடத்தில் நிற்கும் பகுதியில் சொல்வதற்கு அதிகமில்லை. அது நன்றாகவே அமைந்திருக்கிறது.

பெயர் தரும் வாக்குறுதியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். முப்பது நிமிடத்தில் ஐந்து கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் ஆகிறது. எண்பது, தொண்ணூறு கிலோ எடையோடு திரும்பி வருபவர் நம் ஊர்ப் புழுக்கத்தில் கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் எடுப்பதே இயல்பு. முப்பது நிமிடத்தில் நான்கு கிலோமீட்டரைக்கூட அவர் தொடமாட்டார். திட்டத்தை முடித்தபின் தூரத்தைப் பார்த்து மனம் உடைபவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நிமிடங்களை எண்ணி முடித்தவருக்கு மீதித் தூரம் தானாக வந்து சேரும். பக்கத்து ஊரான தாப்பாவில் பிறந்த எம். ராஜமணி 1966-ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் என்ற பெருமை இந்த வட்டாரத்தில் நமக்கு உண்டு. அந்தப் பெருமையைத் தூக்கிக்கொண்டு நாற்பது வயதில் நிமிடக் கணக்கு பார்க்கத் தேவையில்லை.

இடமும் காலமும் பற்றித் திட்டம் ஒன்றும் சொல்வதில்லை. அதை நாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பேராக்கில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்னரோதான் எழுகிறது. ஆகவே வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை ஓட்டம் என்றால் இருட்டில் ஓட்டம். அந்நேரத்தில் வெப்பம் இருபத்து நான்கு பாகை செல்சியஸ் அளவில் இருந்தாலும், காற்றில் ஈரம் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டுவதால் வியர்வை உலராமல் வழிந்து போகிறது, உடம்பு குளிர்வதில்லை. இந்த வெக்கைக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வரை ஆகும் என்பதால், முதல் இரண்டு வாரத்தில் வழக்கத்தைவிட மெதுவாக ஓடுவது சோம்பலாகாது. மாலை என்றால் இடிமழை.

ஈப்போவுக்கும் சுங்கைக்கும் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஓடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதைகள் தாரைவிடக் காலுக்கு மென்மையானவை. பெரட்டு (காலையில் ஆள்கணக்கு எடுப்பது) முடிந்து ஆட்கள் வெளிக்காட்டுக்குப் போன பிறகு அமைதியானவையும்கூட. ஆனால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும், குலை ஏற்றும் லாரிகளுக்கு ஒதுங்கி நிற்க வேண்டும், மழையில் அரித்த பள்ளங்களைக் கவனிக்க வேண்டும். எலிகளைத் தேடி நாகங்கள் செம்பனைக்குள் உலவுவதால், பாதையின் ஓரத்துப் புல்லை விட்டு நடுவிலேயே ஓடுவது நல்லது. தெருநாய்களிடம் வேகத்தைக் காட்டாமல் நடந்துவிடுவதே பாதுகாப்பு. நல்ல வேளையாக இந்தத் திட்டத்தில் நடப்பதற்கும் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம்.

இனி எடை. இத்திட்டத்தைத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதற்காகவே வருகிறார்கள். 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள் என்னும்போது இந்த ஆசை நியாயமானதே. ஆனால் எடையைக் குறைக்கும் கருவியாக மட்டும் இதை மதிப்பிட்டால் குறைந்த மதிப்பெண்தான் தர முடியும். ஓடும்போது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. எண்பது கிலோ எடையுள்ளவர் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் நானூறு. வாரம் மூன்று முறை ஓடினால் ஆயிரத்து இருநூறு. ஒரு கிலோ கொழுப்பு கரைய 7,700 கிலோகலோரி அளவு தேவைப்படும் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள்; அதன்படி, உணவில் எதுவும் மாறாவிட்டால், ஒரு கிலோ குறைய ஆறு வாரத்துக்கு மேலாகும். அதுவும் முழு ஐந்து கிலோமீட்டரை ஓடுகிறவருக்கு. எட்டு நிமிடமே ஓடும் முதல் வாரத்துக்காரருக்கு இதில் பாதிகூடக் கிடைக்காது. மறுபக்கத்தில், ஒரு ரொட்டி சானாய் முந்நூறு கிலோகலோரிக்குக் குறையாது. ஓடி முடித்த மகிழ்ச்சியில் கடையில் உட்கார்ந்து, சாம்பாரோடு இரண்டு ரொட்டியும் டின்பால் வழியும் ஒரு தே தாரேயும் சாப்பிட்டால், ஓட்டத்தில் செலவானதைவிட அதிகமாக உள்ளே போய்விடுகிறது. ஓடினவனுக்குப் பசிக்காதா என்று வீட்டில் கேட்பார்கள். பசிக்கும், அதுதான் சிக்கலே.

எனக்கு எடை குறைந்தது உண்மை. அதில் பெரும்பங்கு தே தாரேயிலிருந்து பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறியதற்கும், இரவில் சோற்றைப் பாதியாக்கியதற்கும் உரியது என்றே கருதுகிறேன். எடைபார்க்கும் கருவியை ஓட்டம் முடிந்த கையோடு மிதிப்பதில் பொருளில்லை. அப்போது குறைந்து காட்டுவது வியர்வையே, இரண்டு குவளை தண்ணீரில் அது திரும்பிவிடும். வாரம் ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில் பார்ப்பது போதும். ஓட்டத்தின் உண்மையான பயன் எடைக்கு வெளியே இருக்கிறது: மாடிப்படியில் மூச்சு வாங்குவதில்லை, தூக்கம் ஆழமாக வருகிறது, தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை உள்ளிழுக்கக் கற்றுக்கொள்கின்றன. நம் சமூகத்துக்கு இந்தக் கடைசிப் பயன்தான் பெரியது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிக்கிலசைடு மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் ஓடக் கூடாது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடக்கூடும். நாற்பதைக் கடந்தவர்களும், இரத்த அழுத்தம் உள்ளவர்களும், நெஞ்சில் இறுக்கத்தை உணர்ந்தவர்களும் தொடங்குமுன் அரசாங்கக் கிளினிக்கில் காட்டிக்கொள்ள வேண்டும். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான்.

பிரிட்டன் செயலி காதில் ஆங்கிலத்தில் பேசுகிறது. ஆங்கிலம் பழக்கமில்லாத பெரியவர்களுக்கு அது உதவாது, ஆனால் செயலி இல்லாமலே திட்டம் இயங்கும் என்பது இதன் இன்னொரு நன்மை. அட்டவணையை ஒரு தாளில் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு, கையில் ஒரு சாதாரணக் கடிகாரத்தோடு போனால் போதும். எங்கள் வரிசையில் குடியிருக்கும் ஓர் அக்கா அப்படித்தான் செய்கிறார். அவர் ஓடும் நேரத்தில் கடிகாரத்தைக்கூடப் பார்ப்பதில்லை, செம்பனை மரங்களை எண்ணிக்கொள்கிறார். காலணிக்கு மட்டும் கொஞ்சம் செலவழிக்கத்தான் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைக் கேன்வாஸ் காலணி ஒரு பெரிய உடம்பின் அடிகளைத் தாங்கச் செய்யப்பட்டதன்று.

ஒன்பதாம் வாரத்துக்குப் பின் என்ன செய்வது என்பதை அட்டவணை சொல்வதில்லை. இது இரண்டாவது குறை. அங்கேயே பலர் நின்றுவிடுகிறார்கள். உடனே பத்துக் கிலோமீட்டர்ப் பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பதைவிட, அந்த முப்பது நிமிடத்தையே இரண்டு மாதம் வாரம் மூன்று முறை ஓடி, காலுக்கு உரமேறக் காத்திருப்பது நல்லது. முப்பது நிமிடமும் நிற்காமல் ஓட உடம்பு இடங்கொடுக்கவில்லை என்றால், 1972-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே பரப்பிய ஓட்ட-நடை முறைக்கு மாறிக்கொள்ளலாம். அதில் நடை என்பது முதல் சில வாரத்துக்கான சலுகையாக வைக்கப்படவில்லை. கடைசிவரை ஓட்டத்தின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. நூறு கிலோவைத் தாண்டியவர்கள் கௌச் டு 5கே பக்கமே வராமல் நேரே அதிலிருந்து தொடங்குவதுதான் என் பரிந்துரை.