துவக்குக்குக் கணக்கு: கொப்பியா, எக்செல்லா, ஆப்பா?

துவக்கின் பராமரிப்பையும் பாவனையையும் எழுதி வைக்க மூன்று வழி இருக்கிறது: சி.ஆர். கொப்பி, எக்செல், போனில் ஒரு ஆப். மூன்றையும் பாவித்துப் பார்த்துவிட்டு நான் கொப்பியோடு நின்றுவிட்டேன். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். என்னிடம் இருப்பவை குடும்ப வழியாக வந்த 12 போர் (குழல் விட்ட அளவு) இரட்டைக் குழல் ஷொட்கன் ஒன்று, இலக்குச் சுடுதலுக்கு .22 ரைஃபிள் ஒன்று. வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடல் பக்கம். இந்தக் கடைசி விவரம்தான் விஷயமே.

கொப்பி மலிவு, எக்செல் கூட்டிக் கழித்துத் தரும், ஆப் எப்போதும் கையில் இருக்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆப்பில் எனக்கு ஒட்டாத இன்னொன்று, என் துவக்கின் தொடரிலக்கமும் படமும் யாருடையதோ சேர்வரில் போய்க் கிடப்பது. எக்செல்லைக் கடவுச்சொல் போட்டு வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதால் அங்கே அந்தக் கவலை குறைவு.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது வேறு. நான் பாவித்த ஆப் வெடிக் கணக்கைச் சுற்றியே கட்டப்பட்டிருந்தது. இத்தனை வெடி வைத்தாயிற்று, இனித் துப்புரவாக்கு. இத்தனை ஆயிரம் தாண்டிவிட்டது, ஸ்பிரிங்கை மாற்று என்று நினைவூட்டும். வாராவாரம் பெட்டி பெட்டியாகச் சுடுகிற நாட்டுக்கு அது சரி. இங்கே ரவை கிடைப்பதே அளவோடுதான். துவக்கு பெரும்பாலும் அலுமாரிக்குள்தான் இருக்கிறது. அதைத் தின்பது வெடியல்ல, கறள். ஜன்னல் கம்பிக்குப் பூசிய பெயின்ட் எத்தனை நாள் நிற்கிறது என்று கடலோரத்தில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். ஒரு வெடிகூட வைக்காத மாதத்திலும் குழலில் பழுப்புப் புள்ளி வரும். ஆப்போ வெடி எண்ணிக்கை ஏறவில்லை என்று சும்மா இருக்கும்.

அதனால் எனக்குத் தேவைப்பட்டது திகதிக் கணக்கு. கொப்பியில் ஒரு வரி இப்படி இருக்கும்: ‘மே 18. மழை. வெடி இல்லை. இடது குழல் வாயருகே விரல் பட்ட இடத்தில் இலேசான பழுப்பு. எண்ணெய்த் துணி. சிலிக்கா பச்சையாகிவிட்டது, காய வைத்தேன்.’ நான் வைத்திருப்பது செம்மஞ்சள் சிலிக்கா ஜெல். ஈரத்தைக் குடித்தால் கரும்பச்சையாகும், சூடாக்கினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். அது எத்தனை நாளில் நிறம் மாறுகிறது என்பதை எழுதிக்கொண்டே வந்தால் அலுமாரிக்குள் இருக்கும் ஈரத்தின் கணக்கும் கிடைத்துவிடும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்திலும் ஒக்டோபர், நவம்பர் மழையிலும் அந்த இடைவெளி சுருங்குவது பக்கத்தைப் புரட்டினாலே தெரிகிறது.

‘ஒன்றுமில்லை’ என்ற வரியையும் விடாமல் எழுத வேண்டும். போன முறை பார்த்தபோது இல்லாதது இந்த முறை இருக்கிறது என்று சொல்ல அந்த வரிதான் ஆதாரம். இரட்டைக் குழலில் முன் மரப்பிடியைக் கழற்றினால் அதன் அடியில் குழல் மறைந்திருக்கும் பகுதி ஒன்று உண்டு. வெளியே பளபளவென்று இருக்கும்போதே அங்கே ஈரம் தங்கிவிடும். தோல் உறைக்குள் போட்டு வைத்தால் இன்னும் மோசம். எந்த இடம் திரும்பத் திரும்பப் பழுக்கிறது என்பதை எனக்குக் காட்டித் தந்தது இந்த வரிகள்தான்.

இதே திகதிக் கணக்கை எக்செல்லில் போட முடியாதா? தாராளமாக முடியும். ஆனால் துப்புரவு செய்யும்போது கை முழுக்க எண்ணெய், கணினி அடுத்த அறையில். ‘அப்புறம் எழுதுவோம்’ என்றால் அந்த வரி போனதுதான். கொப்பி துப்புரவுப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. பென்சிலால் எழுதுங்கள், பேனை மை கரைப்பான் பட்டால் கலங்கிவிடும்.

எக்செல் வெல்லும் இடம் ஒன்று உண்டு, அது .22. ரவைப் பெட்டியில் அச்சிட்ட லொட் இலக்கம், அதாவது எந்தத் தொகுதியில் செய்தது என்ற இலக்கம், மாறினால் ஒரே கம்பனி ரவையும் இலக்கில் வேறு மாதிரிக் குழுமும்: நெருக்கமாகவோ சிதறியோ விழும். எந்த லொட் என் ரைஃபிளுக்கு ஒத்துப்போகிறது என்று வரிசைப்படுத்திப் பார்க்கக் கொப்பி உதவாது. குழலைத் துப்புரவாக்கிய பிறகு முதல் சில வெடிகள் இலக்கில் இடம் மாறி விழுவதும் அட்டவணையில்தான் தெளிவாகத் தெரியும். அதற்கு மட்டும் ஒரு ஷீட் வைத்திருக்கிறேன்.

எந்த வழியை எடுத்தாலும் முதல் பக்கத்தில் அனுமதிப்பத்திரத்தில் உள்ளபடியே தொடரிலக்கம் இருக்கட்டும். அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது அலுமாரியைத் திறக்காமலே பார்த்து எழுதலாம். பழைய 12 போர் என்றால் அறையின், அதாவது குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் இடத்தின், நீளத்தையும் குறித்துவிடுங்கள். 65 மில்லிமீற்றர் அறைக்குள் 70 மில்லிமீற்றர் தோட்டா சும்மா நுழைந்துவிடும், ஆனால் வெடிக்கும்போது அதன் மடித்த முனை விரிய இடமிருக்காது, அழுத்தம் எகிறும்.

கொப்பியின் குறை, ஒரே பிரதி என்பது. கரப்பான் அட்டையின் பசையைத் தின்னும், அது வேறு. மாத முடிவில் பக்கத்தைப் படம் எடுத்து வைத்தால் போதும். அலுமாரிச் சாவி எங்கே என்பதை மட்டும் அதில் எழுதக் கூடாது. துவக்கையும் அவ்வப்போது படம் எடுப்பது நல்லது. 2024 நவம்பரில், தற்காப்புக்கு வழங்கிய துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டது. அப்படிக் கைமாறும்போது, கொடுத்த நாளில் குழல் எப்படி இருந்தது என்பதற்குத் திகதியுள்ள வரியும் படமும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எனக்கு அதில் கைப்பழக்கம் போதாது. தானியங்கி பிஸ்டலில் ரீகோயில் ஸ்பிரிங், அதாவது வெடித்ததும் பின்னுக்குப் போகும் மேல்பகுதியை முன்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங், வெடிக் கணக்கில்தான் தளரும், சில ஆயிரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அடிக்கடி பயிற்சிக்குப் போகிறவர் என்றால் ஆப்போ எக்செல்லோ உங்களுக்குச் சரிவரக்கூடும். அப்போதும் மழைக் காலத்துக்கு ஒரு திகதி நினைவூட்டலைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.