டெங்கு காய்ச்சல் விட்ட பின் வரும் மூச்சுத்திணறலை ‘அசதி’ என்று சொல்லி அனுப்பினால் நம்பாதீர்கள்

சேலத்தில் டெங்குவுக்காகத் தனியார் மருத்துவமனைகளில் சேர்ந்திருப்பவர்களும் உடனிருந்து பார்த்துக்கொள்பவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அம்மாப்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் என் தம்பிக்கு டெங்கு உறுதியானதும் நகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே காலையும் மாலையும் ரத்தம் எடுத்துத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை மட்டும் சொன்னார்கள். இதயத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காய்ச்சல் விட்டுத் தட்டணு ஏறத் தொடங்கியதும், இனிப் பயமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஆனால் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவன் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். விரலில் மாட்டும் கருவியில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 44 என்று மிகக் குறைவாகத் தெரிந்ததைச் செவிலியரிடம் காட்டினேன். காய்ச்சல் விட்ட அசதிதான் என்று மருத்துவர் சொல்லியனுப்பியதோடு, தெம்புக்கென்று மேலும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள்.

எனக்கு ஆறாத கோபம் இந்தக் குளுக்கோஸ் பாட்டிலின் மீதுதான். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளையில் 24 முதல் 48 மணி நேரம் வரை ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிகிறது; அந்தக் கட்டம் கடந்ததும் கசிந்த நீர் தானாகவே குழாய்களுக்குள் திரும்புகிறது. அப்போதும் டிரிப் ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வைரஸால் இதயத்தசையும் அழற்சியுற்றிருந்தால், அந்த நீரைத் தள்ளும் வலு இதயத்துக்கு இருக்காது.

அன்றிரவே அவனை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். உள்ளே போனதும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இதயத்துக்குள் மின்தூண்டல் கடத்தப்படுவதில் தடை தெரிந்தது. இதயத்தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதம் கூடியிருந்தது, எக்கோ என்னும் இதய ஸ்கேனில் இதயம் சுருங்கும் திறன் குறைந்திருந்தது. டெங்குவால் வந்த இதயத்தசை அழற்சி என்று சொல்லி, டிரிப்பை நிறுத்தி, நீர் பிரிய மருந்து கொடுத்து, மானிட்டரில் வைத்துக் காப்பாற்றினார்கள். பேஸ்மேக்கர் தேவைப்படவில்லை.

இது யாரும் கேள்விப்படாத நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே இதயப் பாதிப்பைத் தீவிர டெங்குவின் அடையாளங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. சிக்குன்குனியாவிலும் இதயத்தசை அழற்சி வருவதுண்டு. காய்ச்சல் விட்டபின் நாடி சற்றே மெதுவாவது பலருக்குத் தானாகவே சரியாகிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் தலைச்சுற்றல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்துகொண்டாலும் ஈ.சி.ஜி. எடுக்காமல் வீட்டுக்கு அனுப்ப எந்த மருத்துவருக்கும் நியாயமில்லை.

வீட்டுக்கு வந்தபின் முதல் மருத்துவமனையின் ரசீதை வரிவரியாகப் பார்த்தேன். தம்பியின் நெஞ்சில் ஒருமுறைகூட மின்முனை ஒட்டப்படாத நிலையில், தினமும் ஈ.சி.ஜி. எடுத்ததாகக் கட்டணம் போட்டிருந்தார்கள். அந்தத் தாள்களைக் கேட்டேன். கோப்பில் இருக்கும், பிறகு வாருங்கள் என்றார்கள். நீங்கள் பணம் கட்டும் முன்பே, ரசீதில் உள்ள ஒவ்வொரு பரிசோதனைக்கும் உரிய தாளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் ரசீதின் நகலுடன் புகார் கொடுத்திருக்கிறேன். ஈ.சி.ஜி. தாள்கள் இன்றுவரை என் கைக்கு வரவில்லை.